பெடலுக்கு நாள் பார்த்தார்கள்

என் மாமனாருக்குக் கண் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்கு வினை வந்ததே அதனால்தான்.

ஆபரேஷனுக்கு முன்னால், எதிரில் நிற்பது நானா ஃபிரிட்ஜா என்று அவருக்குத் தெரியாது. ஒரு தடவை ஃபிரிட்ஜைப் பார்த்து, "தண்ணி எடுத்தாம்மா" என்றார். நான் பாட்டுக்கு ஹாலில் பியானோ வாசிப்பேன், அவர் பாட்டுக்கு சோபாவில் சாய்ந்து தூங்குவார். யாருக்கும் தொந்தரவில்லை. ஆகஸ்டில் தாம்பரத்துக்கு அழைத்துப்போய் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணுக்கும் லென்ஸ் வைத்துக்கொண்டு வந்தோம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் சுவரில் பல்லி எங்கே, சாம்பாரில் பருப்பு எங்கே என்று கேட்க ஆரம்பித்தார். அடுத்து என் காலைப் பார்த்தார்.

"இன்னாமா பண்ற?"

"ப்ராக்டிஸ் மாமா."

"கையில பண்றது தெரியுது. காலுல இன்னா பண்ற?"

"அது பெடல் மாமா. அமுக்கினாத்தான் விரலை எடுத்த பிறகும் சத்தம் அப்படியே நிக்கும்."

"வாத்தியத்த காலால மெறிக்கிறியா?"

"மிதிக்கறது இல்ல மாமா. லேசா அமுக்கறது."

"அடக் கடவுளே! சரஸ்வதிம்மா அது! எத்தினி நாளா நடக்குது இது?"

வருஷக்கணக்காக நடக்கிறது என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? "இப்பத்தான் மாமா" என்றேன்.

அன்று சாயங்காலம் பார்த்து போர்வெல் மோட்டாரில் காயில் எரிந்துபோனது. அந்த மோட்டாருக்கு என் மகள் நிஷாவைவிட வயது அதிகம். எரிய வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது. ஆனால் மாமனார் மோட்டாரைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்தார்.

எங்களுடையது சேலையூரில் பழைய குடும்பம். ஏரிக்குக் கீழே இருந்த நிலமெல்லாம் இப்போது அடுக்குமாடி. கேம்ப் ரோட்டில் சில கடைகளும் ஒரு கல்யாண மண்டபமும் இருக்கின்றன. மண்டபத்தை என் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி பார்த்துக்கொள்கிறார். எல்லாரையும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் மாமனார் தனக்கோடி. பியானோ எங்கள் சொத்தே இல்லை. முன் வீட்டில் குடியிருந்த ரயில்வேக்காரர் குடும்பம் ஆஸ்திரேலியா போனபோது, தூக்கிப் போக முடியாமல் விட்டுப்போனது. சிமெண்ட் மூட்டை இறக்கும் ஆட்கள் தூக்கி வந்து ஹாலில் வைத்தார்கள். ஆயுத பூஜை அன்று ஸ்கூட்டர், கிரைண்டர், மோட்டார் வரிசையில் அதற்கும் சந்தனம் குங்குமம் வைப்பார் மாமனார். கறுப்புக் கட்டைகளுக்கு மட்டும் விபூதி. வெள்ளையில் வைத்தால் தெரியாதாம்.

நிஷாதான் முதலில் கற்றுக்கொண்டாள். இரண்டு கிரேடு முடித்துவிட்டு பேட்மிண்டனுக்கு ஓடிவிட்டாள். அவளுக்காக வாசலில் காத்திருந்த நான் உள்ளே போய் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவே இல்லை. இப்போது எட்டாம் கிரேடு. அதுதான் கடைசி கிரேடு.

எனக்கு ஏன் இது இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். முதல் வருஷம் படிக்கும்போது கல்யாணம். டைப்ரைட்டிங் லோயர் பாஸ், ஹையருக்குப் பணம் கட்டியிருந்தேன், நிஷா வயிற்றில் வந்துவிட்டாள். ஹிந்தி பரீட்சையும் அப்படித்தான், மாமியாருக்கு உடம்பு முடியாமல் போய்ப் பாதியில் நின்றது. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் நாற்பத்து நான்கு வயதில், முடித்தேன் என்று சொல்ல ஒன்றுகூட இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று முடித்தவர்களுக்குத் தெரியாது. எனக்கு அந்த எட்டாம் கிரேடு வேண்டும். பரீட்சை நவம்பரில். டிசம்பரில் என் டீச்சர் உதயா மிஸ்ஸை அவர் கம்பெனியில் பெங்களூருக்கு மாற்றுகிறார்கள். அவர் போய்விட்டால் நானும் விட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

ஏ, பி, சி என்று மூன்று பட்டியல்கள் தருவார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பீஸ் நாமே தேர்ந்தெடுத்து வாசிக்க வேண்டும். ஏ பட்டியலில் முன்னூறு வருஷத்துக்கு முந்திய ஒரு ஜெர்மன்காரருடையது. அந்தக் காலத்தில் பெடலே கிடையாது, பிரச்சினையும் கிடையாது. பி பட்டியலில் ஒரு சொனாட்டா. பெடல் இல்லாமலும் ஒப்பேற்றிவிடலாம். சி பட்டியலில் நான் தேர்ந்தெடுத்திருந்தது ஒரு நாக்டர்ன். ராத்திரி நேரத்துக்கான பாட்டு என்று அர்த்தம், ஆனால் நான் மத்தியானம் பாத்திரம் கழுவியபின்தான் வாசிப்பேன். அதற்குப் பெடல்தான் உயிர். முதல் தடவை உதயா மிஸ் வாசித்துக் காட்டியபோதே இது என்னுடையது என்று தோன்றிவிட்டது. மார்ச்சிலிருந்து அதைத்தான் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கும் ஆள்.

"அப்பா, சாக்ஸ் போட்டுக்கிட்டா கால் படாதுல்ல?"

"செருப்பு போட்டுகினு மெறிச்சாக்கூட கால் படாதுதான். கோயிலுக்கு அப்டி போவியா நீ?"

"டிராக்டர்ல கால் வச்சுத்தானே ஏறினீங்க மாமா?" என்று நான் கேட்டேன்.

"ஏர்றதுக்கு முன்னாடி தொட்டுக் கும்புடுவேன்ல?"

"நானும் கும்பிட்டுக்கறேன்."

"ஒரு தபா கால் வெக்கறதுக்கு ஒரு தபா கும்புடலாம். நீ ஒரு பாட்டுக்கு நூறு தபா மெறிக்கிற. எத்தினி தபா குனிஞ்சு எழுந்துப்ப?"

கணக்கு நியாயமாகத்தான் இருந்தது. கோயில் குருக்களிடமும் கேட்டார்கள். அவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, ஆகமத்தில் பியானோ வரவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். வரவில்லை என்றால் வாசிக்கலாம் என்று அர்த்தமா, கூடாது என்று அர்த்தமா என்று கேட்பதற்குள் அபிஷேகத்துக்குப் போய்விட்டார்.

மாமனார் வெளியே போகும் நேரம் பார்த்து வாசிக்கலாமே என்பீர்கள். நாலு வேளை கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூசியில் போகக்கூடாது. எங்கே போவார்? பியானோவுக்கு நேர் எதிரே சோபா. அதில் அவர்.

சிட்லபாக்கத்தில் உதயா மிஸ் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மிஸ்ஸுக்கு இருபத்தேழு வயது. நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை ஆன்ட்டி என்பார். பார்க்கிறவர்கள் குழம்புவார்கள்.

"பெடல் இல்லாம சி லிஸ்ட்டா? ஆன்ட்டி, அரிசி இல்லாம பிரியாணி கேக்கறீங்க."

"ஒண்ணுகூட இல்லையா மிஸ்?"

மிஸ் பட்டியலை மேலிருந்து கீழ் பார்த்தார், கீழிருந்து மேல் பார்த்தார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஹங்கேரிக்காரர் ஒருவர் எழுதியது. தொடக்கத்திலேயே பெடல் கூடாது என்று அவரே போட்டிருந்தார். அந்த மனிதரும் மாமனாரோடு குடியிருந்தவர் போலிருக்கிறது.

"நல்ல பீஸ்தான் ஆன்ட்டி. பட் இது கொஞ்சம்... அக்ரெஸிவ்."

கொஞ்சமா? மறைமலை நகர் பக்கம் தகடு அடிக்கும் தொழிற்சாலைக்குள் நின்றது போல இருந்தது. இரண்டு கையும் இரண்டு பக்கமிருந்து ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும். வாசிக்க ஆரம்பித்த வாரமே பக்கத்து வீட்டுத் தையல்நாயகி மதில்மேல் எட்டிப் பார்த்து, "டைல்ஸ் மாத்துறீங்களாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மாமனார் மட்டும் காதால் கேட்கவில்லை, கண்ணால் என் காலைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

பழக்கதோஷத்தில் வலது கால் தானாகப் பெடலை நோக்கிப் போகும். சோபாவில் ஒரு கனைப்பு கேட்கும். கால் திரும்பி வரும். இந்த அவஸ்தை எதற்கு என்று ஒரு நாள் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசித்தேன். "இப்ப பாக்கறதுக்கு லட்சணமா கீது" என்றார் மாமனார். அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. உலகத்திலேயே எட்டாம் கிரேடு பியானோவைச் சம்மணம் போட்டு வாசித்த ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

அக்டோபர் கடைசியில் உதயா மிஸ் மாதிரிப் பரீட்சை வைத்தார். நிஜப் பரீட்சை மாதிரியே கதவைத் தட்டி, குட் மார்னிங் சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் இரண்டும் தானாக மேலே ஏறி மடிந்துகொண்டன. மிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆன்ட்டி, என்ன பண்றீங்க?"

"ஐயோ, ஸாரி மிஸ்."

ஏ பரவாயில்லை. பி பரவாயில்லை. ஹங்கேரிக்காரர் நடுவழியில் என்னை விட்டுவிட்டுப் போனார். திரும்ப ஆரம்பித்தேன், திரும்ப விட்டுவிட்டுப் போனார். மிஸ் மார்க்கைக் கூட்டினார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நான் பொய் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. இந்த பீஸை வச்சுக்கிட்டு பாஸ் ஆக முடியாது. இது உங்க கைக்கு வரல, ஏன்னா இது உங்களுக்குப் பிடிக்கல."

"இனிமே மாத்த முடியுமா?"

"எந்த பீஸ்னு அன்னிக்கு உள்ள போய் சொன்னா போதும். நாக்டர்ன் உங்க கையில ரெடியா இருக்கு. ரெண்டு மாசமா கால்தான் டச்ல இல்ல. அதுக்கு தினமும் வாசிக்கணும், நிஜப் பியானோவுல, பெடலோட. முடியுமா?"

முடியும் என்று எப்படிச் சொல்வது? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சேலையூர் வரும்வரை ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே வந்தேன். யாருக்கும் தெரியாது என்பது சௌகரியம்தான், ஆனால் மூக்கைத் துடைக்க முடியாது. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர், "லைட் வுழுந்துட்சி, போக்கா" என்று ஹாரன் அடித்தார். அவரிடம் சண்டைக்குப் போகலாமா என்றுகூட இருந்தது. மாமனாரிடம் போட முடியாத சண்டையை யாரிடமாவது போட வேண்டும் போல இருந்தது. அந்த வீட்டில் அவரிடம் குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசியதில்லை நான்.

வீட்டுக்குள் நுழைந்தேன். மாமனார் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"வந்தியா. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எனக்குக் கண்ணு மங்கலா இருந்தப்போ மத்தியானத்துல ஒரு பாட்டு வாசிப்பியே. தூக்கம் வராத அன்னிக்கிகூட அத்த கேட்டா தூக்கம் வந்துடும். அத்த ஏன் வுட்டுட்ட? இப்ப வாசிக்கிறது ஒரே பேஜாரா கீது."

கைப்பையைக் கீழே போட்டேன். என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"அதை வாசிக்கக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதான் மாமா! அதுக்குத்தான் கால் வேணும்! கால் இல்லாட்டி அது பாட்டே இல்ல!"

அவர் வாயைத் திறந்தார். நான் விடவில்லை.

"கல்யாணம் ஆகி நான் இந்த வீட்டு வாசல்ல நின்னேன். நிலைப்படியில படி நிறைய நெல்லு வச்சிருந்தீங்க. நெல்லு லட்சுமியாச்சே, காலால தட்டறதான்னு பயந்துக்கிட்டு நான் நின்னேன். யார் மாமா தட்டச் சொன்னது? 'தட்டும்மா, நீ தட்டினாத்தான் வீடு நிறையும்'னு யார் சொன்னது? கீழ ஒரு மணி கிடந்தா குனிஞ்சு எடுக்கற மனுஷன் நீங்க, உங்க நெல்லை என் காலால தட்டச் சொன்னீங்க. அன்னிக்கு இந்தக் கால் லட்சுமிகரமா இருந்துச்சு. இன்னிக்கு எனக்குன்னு ஒண்ணு வேணும்னு வைக்கும்போது மட்டும் பாவமா? இதே கால்தான் மாமா! வேற கால் இல்ல எங்கிட்ட!"

என் குரல் மதிலைத் தாண்டிப் போயிருக்கும். தையல்நாயகி இந்தத் தடவை எட்டிப் பார்க்கவில்லை. மாமனார் என் காலைப் பார்த்தார், பியானோவைப் பார்த்தார்.

"சொட்டு மருந்து எங்க?" என்றார்.

மருந்தைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். பேசியதற்கு வருத்தம் எதுவும் எனக்கு இல்லை, இன்னும் இரண்டு வாக்கியம் விட்டுப்போச்சே என்றுதான் இருந்தது.

மறுநாள் காலை, காபி குடித்துக்கொண்டே பஞ்சாங்கத்தைப் புரட்டிய மாமனார், என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"தட்சிணா, நம்ம மண்டபத்துல நெல்லு கெடைக்குமா?"

"எதுக்குப்பா?"

"அப்போ நாள் பாத்து, பெரியவங்க சொல்லித்தான் அந்தக் காலு தட்டுச்சு. இப்போ சொல்லாம கொள்ளாம மெறிச்சுது. அதான் மோட்டார் பூட்ச்சி. தப்பு காலுல இல்ல, மொறையில. வெள்ளிக்கெழம நாள் நல்லா கீது."

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் போனை எடுத்தார். ஒரு காலத்தில் ஏரிக்கரை முழுக்க நெல் போட்ட குடும்பம்; மண்டபத்தில் டெகரேஷன் செய்பவரிடம் ஒரு மரப்படியும் நெல்லும் வாடகைக்கு எடுத்தோம். சாயங்காலம் வேறொரு கல்யாணத்துக்குத் தேவைப்படும், சிந்தாமல் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். தட்டி விடுவதற்கே வாங்குகிறோம், சிந்தாமல் எப்படித் தருவது? கீழே பழைய பெட்ஷீட்டை விரித்தோம்.

வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, ஹாலின் அந்தக் கோடியில் நின்றேன். பியானோவுக்கு மாலை. பெடலுக்குச் சந்தனம் குங்குமம். பெஞ்சுக்கு முன்னால் படி நிறைய நெல். ஹாஸ்டலில் இருந்த நிஷா வீடியோ காலில், "அம்மா, என்னம்மா நடக்குது அங்க?" என்று கத்திக்கொண்டிருந்தாள். மாமனார் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பியானோ பக்கத்தில் நின்றார்.

"வலது கால எடுத்து வெச்சு வாம்மா."

போனேன். விரல் நுனியால் தட்டினேன். நெல் சரசரவென்று பெட்ஷீட்டில் பரவியது. உட்கார்ந்தேன். பெடலில் காலை வைத்தேன். நாக்டர்ன் வாசித்தேன். இரண்டு மாத இடைவெளி, கால் பாதி இடத்தில் முந்தியது, மீதி இடத்தில் பிந்தியது. கேவலமாகத்தான் வாசித்தேன். மாமனார் நடுவிலேயே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து பரீட்சை நாள்வரை காலை, மத்தியானம், சாயங்காலம் என்று நாக்டர்ன்தான். எங்கள் வீட்டில் இவ்வளவு தூக்கம் யாரும் தூங்கியதில்லை.

பாஸா ஃபெயிலா என்று கடைசிவரை உங்களைக் காக்க வைக்கும் குணம் எனக்கு இல்லை. ரிசல்ட் அடுத்த மாதம் வந்தது. பாஸ். டிஸ்டிங்ஷன் எல்லாம் கிடையாது, வெறும் பாஸ். எனக்கு அது போதும், யாருக்காவது போதவில்லை என்றால் அவர்கள் வந்து எழுதட்டும். நான் சொல்ல வந்தது பரீட்சை அன்றைக்கு நடந்தது.

நகரத்துக்குள் ஒரு பழைய பங்களாவில் பரீட்சை. காரில் என் வீட்டுக்காரர், நான், பின் சீட்டில் மாமனார். கண்ணுக்குத் தூசி ஆகாது என்றோம், கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். வெளியே பெற்றோர்களுக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற நாற்காலிகளில் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மாக்கள். "உங்க பேரப்புள்ளைக்கா சார்?" என்று ஒரு அம்மா கேட்டார். "மருமவளுக்கு" என்றார் மாமனார். அந்த அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன். செருப்பைக் கதவுப் பக்கமே விட்டுவிட்டு, குனிந்து பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"பெடலில் ஏதாவது கோளாறா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ மேடம். இட் இஸ் ஆல் ரைட் நவ்" என்றேன்.

ஜெர்மன்காரர் போனார். சொனாட்டா போனது, ஒரு இடத்தில் தடுக்கியது, எழுந்துகொண்டது. பிறகு நாக்டர்ன். அந்த அறையில் இருந்தது பெரிய பியானோ. பெடலை அமுக்கியதும் அறை முழுக்க நிறைந்தது. கால் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. கடைசி சுரங்களை ஒன்றாக அமுக்கிவிட்டு விரல்களை எடுத்தேன். காலை எடுக்கவில்லை. சத்தம் நின்றுகொண்டே இருந்தது. காலை எடுத்தால் முடிந்துவிடும். முடிப்பதற்காகத்தான் இவ்வளவு பாடும் பட்டேன், ஆனால் எடுக்க மனசே வரவில்லை. அந்த அம்மாளும் பேனாவை எடுக்காமல் காத்திருந்தார். சத்தம் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று ஆன பிறகு மெதுவாகக் காலை எடுத்தேன்.

மீதிப் பரீட்சையையும் முடித்துவிட்டு வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து, "பாஸ் ஆயிடுமா? எவ்வளவு மார்க் வரும்?" என்றார். மாமனார் நாற்காலியை விட்டு எழுந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா மெறிச்சியா?"

"நல்லா மெறிச்சேன் மாமா" என்றேன். அவ்வளவு பேருக்கு நடுவில், ஹெல்மெட்டும் இல்லாமல், அழுதுவிட்டேன்.